ஒரே வயல், இரண்டு மாநிலம்: எரிவாயுக் குழாய்க்கு ஆட்சேபனை எங்கே கொடுப்பது? (கடலூர் – பாகூர்)

வரப்போரம் (கேள்வி)

வணக்கம். எங்கள் குடும்ப நிலம் ஒரே தாக்குதான், ஆனால் நடுவரப்பு மாநில எல்லை. வரப்புக்கு மேற்கே 1 ஏக்கர் 40 சென்ட், கடலூர் வட்டம். கிழக்கே 110 குழி, புதுச்சேரியின் பாகூர் வட்டம். மேற்கில் நெல், ஓரமாகச் சவுக்கு. கிழக்கில் கரும்பு.

இயற்கை எரிவாயுக் குழாய் போகிறது என்று 18 மீட்டர் அகலத்துக்குக் கல் நட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு மட்டும் 3(1) அறிவிப்பின் (குழாய்க்காக நிலத்தின் உபயோக உரிமையை எடுக்கப் போகிறோம் என்ற அரசிதழ் அறிவிப்பு) நகல் வந்தது. எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே 0 – 10 – 80 என்று இருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்துக்குக் காகிதம் எதுவும் வரவில்லை, கல் மட்டும் நிற்கிறது. அதே கிழக்குத் துண்டில் 230 கேவி டவர் லைனுக்கு வேறு யாரோ முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆட்சேபனையை யாரிடம் கொடுப்பது? புதுச்சேரி அரசு முடியாது என்றால் குழாய் நின்றுவிடுமா? இழப்பீடு எந்த மாநில மதிப்பில் வரும்? கூட்டுப் பட்டாவில் இருக்கும் அண்ணன் பிரான்சில் இருக்கிறார், அவர் கையெழுத்துக்கு என்ன வழி? அரசிதழ்த் தேதியிலிருந்து ஆட்சேபனைக்கான 21 நாள் ஏற்கெனவே தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாதா? ஊரில் ஒருவர் இது வேளாண் மண்டலம், குழாயே வராது என்று அடித்துச் சொல்கிறார்.

சங்கிலிக்கல்

தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். நகலின் முதல் பத்தியை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். "இந்த அறிவிப்பின் நகல்கள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கணக்கு அந்த நாளிலிருந்துதான். நகல் உங்கள் கைக்கு வந்த தேதிக்குச் சான்று வேண்டும்: தபால் உறை, கிராம நிர்வாக அலுவலர் வாங்கிய கையெழுத்து, எது இருந்தாலும் பத்திரம். ஆட்சேபனையின் முதல் வரியிலேயே அந்தத் தேதியை எழுதிவிடுங்கள்.

சட்டம் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் (நில உபயோக உரிமை) சட்டம். மத்தியச் சட்டம் என்பதால் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றேதான். மாறுவது தகுதிவாய்ந்த அலுவலர், அதாவது ஆட்சேபனையை வாங்கி விசாரிப்பவர். வழக்கமாகத் தமிழ்நாட்டுக்கு ஒருவர், புதுச்சேரிக்கு ஒருவர். அலுவலக முகவரி அறிவிப்பின் அடியிலேயே அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டு அலுவலரிடம் கொடுக்கும் மனுவில் பாகூர் நிலத்தையும் சேர்த்து எழுதினால் அந்தப் பாதி கணக்கில் வராது. ஆட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுத்தாலும் அது ஆட்சேபனை ஆகாது, மனு நீதி நாள் மனுவாகப் போய்விடும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

புதுச்சேரிப் பக்கம் பற்றி. பிரிவு 4-இன்படி நிலத்தில் நுழைந்து அளக்கும் அதிகாரமே 3(1) அறிவிப்பு வந்த பிறகுதான் பிறக்கிறது. அறிவிப்பு இல்லாமல் கல் நட வேண்டுமானால் உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அதற்காகக் கல்லைப் பிடுங்கிப் போடாதீர்கள். அறிவிப்பு வந்திருந்து நகல் மட்டும் உங்களுக்கு வராமல் போயிருந்தால், அடையாளக் கல்லை அகற்றுவது அதே சட்டத்தில் குற்றம். முதலில் இந்திய அரசிதழ் இணையதளத்தில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (ii)-இல் தேடுங்கள். பெட்ரோலிய அமைச்சகத்தின் 3(1) அறிவிப்புகள் அங்கேதான் வரும். கிராமப் பெயரின் எழுத்து ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் இருக்கும், ஆகவே வட்டத்தின் பெயரை வைத்துத் தேடுவது நல்லது.

ஆட்சேபனையில் என்ன எழுதுவது? "விவசாயம் பாதிக்கும்", "எதிர்காலத்தில் மனை போடுவோம்" என்பவை விசாரணையில் நிற்பதில்லை. நிற்பவை இவை: அறிவிப்புத் தேதிக்கு முன்பே அங்கே வீடோ நிரந்தரக் கட்டடமோ இருந்தது, அது வீட்டை ஒட்டிய கொல்லை, பரப்பு தவறு, உரிமையாளர் பெயர் தவறு. வீட்டு நிலம், நிரந்தரக் கட்டடம் உள்ள நிலம், வீட்டைச் சேர்ந்த நிலம் இவற்றின் அடியில் குழாய் போடக் கூடாது என்று பிரிவு 7 நேரடியாகவே சொல்கிறது. மேற்பரப்பிலிருந்து 1 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் கூடாது. இதோடு, குழாயை வயலின் குறுக்கே கொண்டுபோகாமல் வரப்போரமாக நகர்த்தக் கேட்டு, புலப்படத்தின் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மேல் சிவப்பு மையில் கோடு போட்டு இணையுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் அவர்களால் எளிதில் தள்ளிவிட முடியாது. நேரில் விசாரிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வக்கீலையும் அனுப்பலாம்.

3(1) வந்து ஓராண்டுக்குள் பிரிவு 6-இன் பிரகடனம் வராவிட்டால் அந்த அறிவிப்பு காலாவதி. அந்தத் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இப்போது இழப்பீடு. இது நில எடுப்பு இல்லை. பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும், உபயோக உரிமை மட்டும் போகும். அதனால் நெடுஞ்சாலைக்கு நிலம் போனவர்கள் வாங்கிய தொகையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பிரிவு 10-இன்படி 3(1) தேதியில் இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரம், வேலி, போர் குழாய் சேதத்துக்குத் தனி. உங்கள் மேற்குத் துண்டில் 0 – 10 – 80 என்பது 10 ஆர் 80 சென்டியார், அதாவது 1,080 சதுர மீட்டர். 18 மீட்டர் அகலத்தில் 60 மீட்டர் நீளம். சென்டில் 26.69. ஒரு பேச்சுக்குச் சென்ட் 30,000 ரூபாய் என்றால் மதிப்பு 8,00,700, கைக்கு வருவது 80,070. குறைவுதான். பேரம் பேச இடம் இருப்பது அந்த 30,000-இல். வழிகாட்டி மதிப்பை மட்டும் வைத்து நிர்ணயித்தால், பக்கத்து வயல்களின் கிரயப் பத்திர நகல்களை, 3(1) தேதிக்கு முந்தியவையாக எடுத்துக் கொடுங்கள். தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மேற்குத் துண்டுக்குக் கடலூர், கிழக்குத் துண்டுக்குப் புதுச்சேரி. இரண்டு மனு, இரண்டு வழக்கு எண்.

சவுக்கு விஷயம். குழாய் புதைத்த பிறகு அந்த 18 மீட்டரில் நெல், கரும்பு, மணிலா (வேர்க்கடலை) போடலாம். மரம் வைக்கக் கூடாது, கிணறு, போர், கட்டடம் கூடாது (பிரிவு 9). ஆக, சவுக்குக்கு ஒரு வெட்டுக்கான இழப்பீடு கேட்பதோடு நிறுத்த வேண்டாம். மறு நடவு முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கணக்கெடுக்க வரும்போது மரத்தின் எண்ணிக்கை மட்டும் குறித்துக்கொண்டு போவார்கள். வயதையும் சுற்றளவையும் அன்றைக்கே பதிவு செய்யச் சொல்லி, பஞ்சநாமாவில் (சாட்சிகள் முன் எழுதும் கணக்கெடுப்புக் குறிப்பு) கையெழுத்து போடும் முன் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் பயிர் இழப்பீட்டுக்கு உரியவர் குத்தகைதாரர், அது பிறகு வீட்டுச் சண்டையாகிவிடும்.

கதாஸ்தர்

மேலே சொன்னது எல்லாம் சரி. பாகூர்ப் பக்கத்துக் காகிதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம்.

தமிழ்நாட்டுப் பத்திரத்தில் சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண் என்று வரும். புதுச்சேரிப் பத்திரத்தில் ஆர்.எஸ். எண், கதாஸ்தர் எண், பட்டா எண் என்று மூன்று ஓடும். கதாஸ்தர் பிரெஞ்சுக் காலத்துக் கணக்கு, ஆர்.எஸ். மறு அளவையில் வந்தது. அறிவிப்பின் அட்டவணையில் ஆர்.எஸ். எண்தான் இருக்கும். பழைய பத்திரத்தில் கதாஸ்தர் எண் மட்டும் இருந்தால், அட்டவணையில் உங்கள் நிலம் இல்லவே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். புதுச்சேரியின் நிலமகள் நிலப்பதிவுத் தளத்தில் பட்டா நகலும் வரைபடமும் எடுத்து, இரண்டு எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது குழி. புதுச்சேரிக் குழி 24-க்கு 24 அடி, 576 சதுர அடி, 53.5 சதுர மீட்டர் சொச்சம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி 144 சதுர அடி. வெளியூர்க் குமாஸ்தா இதில் தடுமாறினால் உங்கள் 110 குழி கால்வாசியாகச் சுருங்கிவிடும். 110 குழி ஏறக்குறைய 58 ஆர் 86 சென்டியார், 1 ஏக்கர் 45 சென்ட். மனுவில் குழியை எழுதவே எழுதாதீர்கள். எல்லாவற்றையும் சதுர மீட்டருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்போதுதான் தமிழ்நாட்டு வழிகாட்டி மதிப்பையும் நம்ம ஊர் ஜி.எல்.ஆர். மதிப்பையும் (புதுச்சேரியின் வழிகாட்டி மதிப்பு) பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடியும். ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர், வரப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விலை என்றால் அதுவே நல்ல வாதம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் வரப்பிலேயே இருக்கிறது. கடலூர்ப் பக்கத்துப் புலப்படமும் பாகூர்ப் பக்கத்துப் படமும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்களால் அளந்தவை. எல்லைக் கோடு இரண்டிலும் பொருந்தாது. ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். குழாய்க்காரர் செயற்கைக்கோள் ஆயத்தொலைவை வைத்து மையக்கோடு இழுத்து, அதைக் கிராம வரைபடத்தின் மேல் போட்டுப் பரப்பு எடுப்பார். விளைவு: வரப்பை ஒட்டிய ஒரு கீற்று இரண்டு அட்டவணையிலும் விழும், அல்லது இரண்டிலும் விழாது. இரண்டிலும் விழாத கீற்றுக்கு உபயோக உரிமையும் கிடையாது, இழப்பீடும் கிடையாது, பள்ளம் மட்டும் தோண்டப்படும்.

18 மீட்டர் கீற்று ஒன்றரை மீட்டர் நகர்ந்தால் 27 சதுர மீட்டர், முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. பணமாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் வரப்போரமாக இருக்கும் உங்கள் சவுக்கு வரிசை முழுக்க அந்தக் கீற்றில் நின்றால்? ஆகவே கடலூர் வட்ட சர்வேயரும் பாகூர் சர்வேயரும் ஒரே நாளில், ஒரே கல்லில் இருந்து பிடித்து அளக்க வேண்டும் என்று இரண்டு தகுதிவாய்ந்த அலுவலருக்கும் ஒரே வாசகத்தில் எழுதுங்கள். முச்சந்திக் கல் (மூன்று எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட கல்) எங்கே என்று முன்பே தேடி, முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கல் கிடைக்காததால் அளவு தள்ளிப்போவதுதான் அதிகம்.

அண்ணன் விஷயம். அவர் அங்கே பவர் எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம், அல்லது பிரெஞ்சு நோட்டரி முன் எழுதி அப்போஸ்தில் முத்திரை (வெளிநாட்டிலும் ஏற்கும் சான்று) வாங்கலாம். இரண்டாவது வழியில் காகிதம் பிரெஞ்சில் இருக்கும், மொழிபெயர்ப்பும் வேண்டும். எந்த வழியானாலும் பத்திரம் இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டால் வந்த தேதியை நிரூபிக்க முடியாது. பவரில் "ஆட்சேபனை தாக்கல், விசாரணையில் ஆஜராதல், இழப்பீடு பெறுதல், மாவட்ட நீதிமன்றத்தில் மனு" என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள். "நிலத்தைப் பராமரிக்க" என்று மட்டும் இருந்தால் காசோலை தரும் நேரத்தில் நிறுத்திவைப்பார்கள். கிழக்கு, மேற்கு இரண்டு துண்டின் விவரமும் ஒரே பவரில் இருக்கட்டும்.

மின்பாதை

டவர் லைனுக்குச் சட்டம் முற்றிலும் வேறு. இதைக் குழாயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முளை அடித்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒரே காகிதம்: 2003 மின்சாரச் சட்டத்தின் பிரிவு 164-இன் கீழ் வந்த ஆணை. அது இருந்தால் 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. உங்கள் முன் சம்மதம் தேவையில்லை, இழப்பீடு மட்டும்தான். (தந்திச் சட்டம்தான் போய்விட்டதே என்று யாராவது சொல்வார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதை நீக்கியபோதே, மின்பாதைக்கு மட்டும் அதன் மூன்றாம் பாகம் தொடரும் என்று வைத்துவிட்டது.) 164 ஆணை இல்லை என்றால் 2006 உரிமதாரர் பணி விதிகள் பொருந்தும். அதில் உரிமையாளரின் முன் சம்மதம் வேண்டும், மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் போய் அனுமதி வாங்க வேண்டும். 164 இருந்து நீங்கள் தடுத்தாலும் ஆட்சியர்தான் உத்தரவு போடுவார். தொகைத் தகராறு மாவட்ட நீதிபதிக்கு.

தொகை குழாயைவிட இங்கே மேல். மத்திய மின் அமைச்சகம் 2015 அக்டோபரில் டவர் அடிக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. டவர் அடி என்பது நான்கு கால்களுக்குள் இருக்கும் பரப்போடு ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர். கால்களுக்கு இடையே 7 மீட்டர் என்றால் 9-க்கு 9, அதாவது 81 சதுர மீட்டர், சரியாக 2 சென்ட். அதே 30,000 ரூபாய்க் கணக்கில் அதற்கு மட்டும் 1,20,000. கம்பிக்குக் கீழே 220 கேவி வகைக்கு 35 மீட்டர் அகலம் எடுப்பார்கள். பயிர், மரச் சேதம் இதற்கு மேல்.

ஆனால் அது வழிகாட்டுதல். மாநிலம் ஏற்று ஆணை போட்ட அளவுக்குத்தான் ஆட்சியர் கையில் வலு. கடலூர்ப் பக்கம் ஒரு விகிதம், பாகூர்ப் பக்கம் இன்னொன்று என்று வர வாய்ப்பு உண்டு. இழப்பீட்டு மனுவில் "எந்த ஆணையின் கீழ், எந்தத் தேதி" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 66 கேவிக்குக் கீழ்ப்பட்ட லைனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உங்கள் கிழக்குத் துண்டில் குழாய்க் கல்லும் டவர் முளையும் ஒரே வயலில் நிற்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். எஃகுக் குழாய் உயரழுத்தக் கம்பிக்கு இணையாக ஓடினால் குழாயில் மின்னழுத்தம் தூண்டப்படும். தொடுவதற்குப் பாதுகாப்பான அளவு 15 வோல்ட் என்று வைத்துத்தான் வடிவமைப்பார்கள். அதைத் தாண்டினால் வால்வு நிலையத்தில் வேலை செய்பவருக்கு அடி, குழாயின் பூச்சில் ஓட்டை இருக்கும் இடத்தில் அரிப்பு. டவரின் மண் இணைப்பு குழாய்க்கு அருகில் வந்தால் இடி விழும்போது இன்னும் மோசம். ஆகவே செங்குத்தாகக் கடப்பதே நல்லது. இணையாகத்தான் ஓட வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டு, ஒருவருக்கொருவர் தடையின்மைச் சான்று கொடுக்க வேண்டும். நீங்கள் இரண்டு தரப்புக்கும் அடுத்தவரின் முளை இடத்தை அளந்து, படத்தோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலும் ஒருவருக்கு மற்றவர் வருவதே தெரிந்திருக்காது. இடம் மாற்றச் சொல்ல உங்களிடம் இருப்பதிலேயே நல்ல காரணம் இதுதான்.

வரப்போரம்

நன்றி. அரசிதழில் தேடினேன், பாகூர் வட்டத்துக்கு எதுவும் வரவில்லை. புதுச்சேரி அரசு மறுத்தால் என்ன என்பதும், வேளாண் மண்டலம் என்பதும்தான் பாக்கி.

மலட்டாறு

மறுக்க முடியாது, ஆனால் தாமதப்படுத்த முடியும்.

இயற்கை எரிவாயு மத்தியப் பட்டியலில் வரும் பொருள் என்று 2004-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொச்சி – பெங்களூர் குழாயைக் கொங்கு மாவட்டங்களில் வயல் வழியாகப் போடக் கூடாது என்று 2013-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே அதை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாநிலத்துக்கே அந்த நிலை என்றால் யூனியன் பிரதேசத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் குழாய் காற்றில் போகாது. ஆறு, ஏரி வாய்க்கால் கடக்கத் தமிழ்நாட்டில் நீர்வளத் துறை, புதுச்சேரியில் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவு. தென்பெண்ணையில் பள்ளம் வெட்டிப் புதைக்க விட மாட்டார்கள், ஆற்றுக்கு அடியில் துளையிட்டு, வெள்ளம் மண்ணை அரிக்கும் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 32-க்கு ஒரு அனுமதி, ரயில் பாதைக்கு ஒன்று, உள்ளூர்ச் சாலைக்கு இந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியம், அந்தப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் போனால் இரு பக்கத்துக்கும் தனித்தனி கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம். பாகூர்ப் பக்கம் துண்டு துண்டாகக் கிடப்பதால் 10 கிலோமீட்டருக்குள் எல்லை பல தடவை மாறும். ஒரே அனுமதியை இரண்டு அரசிடம் மாறி மாறி வாங்க வேண்டியிருக்கும். ஒரு பக்கத்துக்கு 3(1) வந்து இன்னொரு பக்கத்துக்கு வராமல் இருப்பது இதனாலும் இருக்கலாம்.

வேளாண் மண்டலம் என்று சொன்னவர் பாதிதான் சரி. 2020 தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டம் முழுக்க இல்லை. காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய 5 ஒன்றியங்கள்தான். கடலூர் வட்டம் அதற்கு வெளியே. அந்த ஒன்றியங்களிலும் எண்ணெய், எரிவாயு விஷயத்தில் தடை துரப்பணத்துக்கும் எடுப்புக்கும்தான். குழாய், சாலை, மின்சாரம் போன்ற கட்டமைப்புப் பணிகளை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. புதுச்சேரியில் அது செல்லவே செல்லாது.

உப்பங்கழி

இடையில் நுழைகிறேன். இலங்கைக்கு மின் இணைப்பு, எண்ணெய்க் குழாய் என்று பேசுகிறார்களே, அதற்கும் நம் பக்கத்தில் இதே நடைமுறைதானா?

மின்பாதை

கரை வரை இதேதான். எல்லை கடக்கும் மின்சாரத்துக்கு 2018 டிசம்பரில் மின் அமைச்சகம் போட்ட வழிகாட்டுதலும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகளும் கூடுதலாக வரும். இணைப்பைத் திட்டமிடுவது, அனுமதிப்பது எல்லாம் இரண்டு அரசும் ஒத்துக்கொண்ட பிறகுதான். இலங்கையோடு நேர்மின்னோட்ட இணைப்புக்கான புரிந்துணர்வு 2025 ஏப்ரலில் கையெழுத்தானது. ஆனால் மதுரைப் பக்கமோ வேறெங்கோ, டவர் நிற்கும் வயலுக்குச் சட்டம் பிரிவு 164-தான். வெளிநாட்டுக்குப் போகும் லைன் என்பதால் நில உரிமையாளருக்குத் தனிச் சலுகை கிடையாது.

மலட்டாறு

கடலுக்குள் வேறு கணக்கு. 12 கடல் மைல் வரை இந்திய ஆட்சி எல்லை, நிபந்தனை முழுக்க நம்முடையது. அதற்கு அப்பால் கண்டத்திட்டில், ஐ.நா. கடல் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி குழாயின் பாதைக்குக் கரையோர நாட்டின் ஒப்புதல் வேண்டும். கேபிளின் பாதைக்கு அந்த நிபந்தனையை எழுதவில்லை. பாக் நீரிணையில் இடமே குறுகல், இலங்கையோடு போட்ட 1974 கடல் எல்லை ஒப்பந்தத்தின் கோட்டோடு நம் பக்கம் முடிந்துவிடும்.

சங்கிலிக்கல்

வரப்போரம், பாகூர் வட்டத்துக்கு அரசிதழில் இல்லை என்று தெரிந்துவிட்டதால் இந்த வாரமே இரண்டு தபால் போடுங்கள். ஒன்று மேற்குத் துண்டுக்கான ஆட்சேபனை, தமிழ்நாட்டுத் தகுதிவாய்ந்த அலுவலருக்கு. இன்னொன்று குழாய் நிறுவனத்துக்கு, "கிழக்குத் துண்டில் எந்த அறிவிப்பின் பேரில் கல் நட்டீர்கள்" என்று ஒரே கேள்வி, நகல் பாகூர் வட்டாட்சியருக்கு. இரண்டும் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றோடு. கரும்பு வெட்டுக்கு முன் கல் நிற்கும் இடத்தைச் சுற்றிப் படம் எடுத்துவிடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. வெட்டிய பிறகு எடுத்தால் வெறும் வயலாகத்தான் தெரியும்.